மேடை ஏறும் முன் வந்த அழைப்பு

நோட்டன் பிரிட்ஜ்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள சிசிலிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழி. என் நம்பரை நீ பிளாக் செய்து ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் என் அக்காவின் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "ஹலோ" என்றதும் வைத்துவிட்டாய். அதனால்தான் தபால் கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கினேன்.

நம் ஹலீமா போனில் பேசினாள். மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினத்துக்கு நம் மேளக் குழுவை ஹட்டனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நீ மேளத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். பெரிய மேளம் இல்லாமல் மற்றப் பத்துப் பேரும் என்ன செய்வார்கள்? தப்புச் செய்தவள் நான். அதற்காக நீங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். நீங்கள் அடியுங்கள்.

இதை எழுத உட்கார்ந்தபோது, அன்று நடந்ததை உன்னிடம் நான் ஒருதரம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை என்று தோன்றியது. பொய்தான் சொன்னேன். இப்போது சொல்கிறேன்.

ஏப்ரல் 20, நுவரெலியா. ஏரிக்கரை மேடைக்குப் பின்னால் பதினோரு பேருடைய போனும் என் பையில் இருந்தன. மேளம் கட்டும்போது போன் இடைஞ்சல் என்று நான்தான் வாங்கி வைத்தேன். இரண்டு மணி பத்துக்கு உன் போன் அதிர்ந்தது. 'தம்பி' என்று விழுந்தது. எடுத்தேன்.

"அக்காவா?" என்றான் அன்டன்.

"இல்லப்பா, மெரினா அக்கா."

"அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். அக்காவக் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒடனே அனுப்புங்க."

"சரி" என்றேன். போனைப் பைக்குள் போட்டேன்.

மூன்று மணிக்கு நம் முறை. மூன்றரைக்கு முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நீ போய்விட்டால் மேடையே இல்லை என்றும் நினைத்தேன். இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று கேட்காதே. மேடைதான் பெரிதாக இருந்தது. மூன்று நாற்பதுக்கு உன்னிடம் வந்து, "இப்பத்தான் போன் வந்துச்சு" என்றேன். ஐந்தேகாலுக்கு நீ ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாய். உன் அப்பா நாலு இருபத்தைந்துக்கே போய்விட்டார்.

இரண்டு பத்துக்கே அனுப்பியிருந்தால் மூன்றே முக்காலுக்குள் சேர்ந்திருப்பாய். எந்த பஸ்ஸில் வைத்து யோசித்தாலும் நாற்பது நிமிடம் மிஞ்சுகிறது. அந்த நாற்பது நிமிடத்தை எடுத்தவள் நான்.

பதில் போட வேண்டாம். மேளத்தை மட்டும் எடு.

மெரினா


அக்கரப்பத்தனை
17 பெப்ரவரி 2025

மெரினா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்டன் கண்டால் அடுப்பில் போடுவான். கொழுந்துக் கூடைக்குள் வைத்து மலைக்குக் கொண்டுபோய் வாசித்தேன்.

நீங்கள் எழுதியிருக்கும் மணிக்கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு செகண்ட் பேசியிருக்கிறீர்கள். சாவு வீட்டில் அன்டன் என் போனைத் திறந்து எல்லோருக்கும் காட்டியபோது, "அவன் சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். அப்பா கடைசிவரை நினைவோடுதான் இருந்தார். "பஸ் வந்துருச்சா?" என்று அன்டனிடம் நாலு தரம் கேட்டாராம். நாலாவது தரம் அன்டன், "வந்துருச்சுப்பா, அக்கா ஏறி வருது" என்று பொய் சொன்னானாம். தேயிலைப் பாக்டரியில் முப்பத்தொரு வருடம் இலை வாட்டின மனுஷன். ஒருவரையும் காத்திருக்க வைத்தது கிடையாது.

மேளம் ஹலீமா வீட்டில் இருக்கிறது. அதை நான் ஏன் தொடவில்லை என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். உங்களால்தான் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி எழுதாதீர்கள்.

சிசிலி இக்னேசியஸ்


நோட்டன் பிரிட்ஜ்
2 மார்ச் 2025

சிசிலி,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். நான் பெய்ரூட்டில் வீட்டு வேலை செய்ததும், அங்கே ஜான்டிரா என்ற பிரேசில்காரியிடம் மேளம் படித்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் அவளிடம் போய்ச் சேர்ந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

2018இல் என் அம்மா இங்கே செத்துப்போனார். என் போன் வீட்டுக்கார மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அக்கா கூப்பிட்டபோது மேடம்தான் பேசினாள். அந்த வாரம் அவள் மகனுக்கு நிச்சயதார்த்தம். நூற்றிருபது பேருக்குச் சமையல். சொன்னால் நான் வேலை செய்ய மாட்டேன் என்று மறைத்துவிட்டாள். பதினாறு நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து சொன்னாள். அந்தப் பதினாறு நாளும் நான் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு மட்டும் விடுவார்கள். கோயிலின் நிலவறையில் எத்தியோப்பியப் பெண்களும் பிலிப்பைன்ஸ் பெண்களும் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜான்டிரா. பிரேசிலில் பாஹியாக்காரி, கறுத்த, பருத்த மனுஷி. ஒரு பணக்கார வீட்டில் சமையல்காரி. என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெரிய சுர்டோ மேளத்தை என் இடுப்பில் கட்டி, இரண்டு கையிலும் கோலைக் கொடுத்தாள். அன்றுதான் அம்மாவுக்காக அழுதேன்.

அவள் சொன்னதைத்தான் நான் ஒவ்வொரு மேடையிலும் சொன்னேன். இது கரும்புத் தோட்டத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுடைய தாளம். அவர்கள் பெயரைச் சொல்லாமல் அடிக்காதே என்றாள். "உங்க கஷ்டம் வேற, எங்க கஷ்டம் வேற. தாளத்தை எடுத்துக்கோ, கதையைத் திருடாதே" என்றும் சொல்வாள்.

அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பெயரைச் சொன்னேன். நீலப் பிளாஸ்டிக் பெரலை அறுத்து ஆட்டுத்தோல் கட்டி மேளம் செய்தேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், ஆம்பளைகள் சிரிக்கச் சிரிக்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்களை நிறுத்தி அடிக்கவைத்தேன். கடைசியில், மேடம் எனக்குச் செய்ததை அப்படியே உனக்குச் செய்தேன். அவள் நிச்சயதார்த்தத்துக்காக, நான் மேடைக்காக. எனக்கு நடக்காதிருந்தால் தெரியாமல் செய்துவிட்டேன் என்றாவது சொல்லியிருப்பேன்.

இவ்வளவுதான்.

மெரினா


அக்கரப்பத்தனை
16 மார்ச் 2025

மெரினா அக்காவுக்கு,

உங்கள் அம்மா விஷயம் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஒன்றாக அடித்தோம், ஒருநாள்கூட நீங்கள் சொல்லவில்லை. ஹலீமாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

ஹட்டனுக்கு நாங்கள் போகவில்லை. வேறு ஒரு நடனக் குழு போனதாம். அன்று நம் குழு வேலாயி அக்கா கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். "அப்பா செத்ததுக்கு மெரினாவத் தொரத்தியாச்சு. இப்ப மேளத்தையும் ஏன்டி தண்டிக்கிற?" என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா, உங்கள் இரண்டு கடிதத்திலும் எல்லாத் தப்பையும் நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். முதல் கடிதத்தை வாசித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவதை வாசித்த பிறகு அந்த நிம்மதி போய்விட்டது.

ஒரு விஷயம் இருக்கிறது. எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கசக்கிவிட்டேன். இன்றைக்கும் வரவில்லை. இதை இப்படியே அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இதுவும் போகாது.

சிசிலி


அக்கரப்பத்தனை
30 மார்ச் 2025

மெரினா அக்காவுக்கு,

இன்று எழுதிவிடுகிறேன். தவக்காலம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாம் என்று போய், என் முறை வந்ததும் வேறு எதையோ சொல்லிவிட்டு வந்தேன். அவர் எனக்கு என்ன செய்யமுடியும்? உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் போன் எடுத்ததை நான் பார்த்தேன்.

மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்தார்களே, அதன் ஓரத்தில் நின்று மேள வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் கையில் இருந்தது என் போன். சிவப்பு உறை போட்ட போன் என்னுடையது மட்டும்தான். நீங்கள் "சரி" என்றதும் கேட்டது. பிறகு நீங்கள் திரும்பி என்னைத் தேடினீர்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவுக்குத்தான் என்று விளங்கிவிட்டது.

எப்படி என்றால், காலையில் நான் புறப்படும்போதே அப்பாவுக்குச் சரியில்லை. கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "பாரமா இருக்குமா" என்றார். இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கி நீ போகணுமா?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. "எல்லாரும் என்னை நம்பி இருக்காங்கப்பா, சாயங்காலம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதனால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் வந்து சொன்னால் போக வேண்டியிருக்கும். சொல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அரை மணி நேரம். பிறந்ததிலிருந்து கொழுந்து, லயத்து வீடு, தண்ணீர்க் குழாய் என்று இருந்தவளை ஆயிரம் பேர் பார்க்கப்போகிறார்கள். அந்த அரை மணியை யாரும் பறித்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

அடித்தேன். நல்லாவும் அடித்தேன். என் வாழ்க்கையில் அப்படி அடித்ததில்லை. நான் அடிக்க, எனக்குப் பின்னால் பத்துப் பேரும் வந்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மேளத்தைத் தொடாததற்குக் காரணம் இதுதான்.

சாவு வீட்டில் அன்டன் போனைக் காட்டியபோது, எனக்குக் கிடைத்தது ஒரு வழி. உங்களைப் பார்த்துக் கத்தினேன். கத்தக் கத்த லேசாக இருந்தது. எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

சிசிலி


நோட்டன் பிரிட்ஜ்
13 ஏப்ரல் 2025
குருத்தோலை ஞாயிறு

சிசிலிக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. முதல் நாள் அழுதேன், உனக்காக. இரண்டாம் நாளிலிருந்து வேறு மாதிரி.

நீ பார்த்தாய். பார்த்துவிட்டுக் கிட்டத்தட்ட ஒரு வருடம் சும்மா இருந்தாய்.

நான் என்ன பட்டேன் என்று உனக்கு யாராவது சொன்னார்களா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்தில் எனக்கு வேலை இருந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வேலாயி வந்து, தூங்கிக்கொண்டிருந்த தன் பேத்தியை என் மடியிலிருந்து வாரி எடுத்தாள். "சாகக் கெடந்த மனுஷன்கிட்ட மகள விடாதவ. ஒங்கிட்ட எப்படிப் பிள்ளைய விடுறது?" என்றாள். ஒரு வாரத்தில் மடுவம் காலி. அன்டன் என் லயத்து வாசலில் வந்து நின்று பேசிய பேச்சை நான் எழுத மாட்டேன். பைப்பில் தண்ணீர் பிடிக்கப் போனால் வரிசை விலகும். இங்கே அக்கா வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனாலும் ஒவ்வொரு கவளத்தையும் கூசிக் கூசித்தான் சாப்பிடுகிறேன். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறேன். நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் பாத்திரம்.

எல்லாம் எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தேன். என் தப்புக்கு இது போதாது என்றுகூட நினைத்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன். அதே தப்போடுதான் இருந்திருப்பேன். ஆனால் தனியாக இருந்திருக்க மாட்டேன்.

உன் அப்பாவிடம் நீ மன்னிப்புக் கேட்க முடியாது. என்னாலும் முடியாது. ஆனால் என்னை ஏசிய ஆட்கள் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். எனக்குக் கடிதம் எழுதுவது சுலபம், சிசிலி. அன்டனிடம் போய்ச் சொல். சொல்லாமல் எனக்கு எழுதாதே.

மெரினா


அக்கரப்பத்தனை
28 ஏப்ரல் 2025

மெரினா அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

அப்பாவின் வருட நினைவு ஈஸ்டர் ஞாயிறன்று விழுந்ததால் பூசையை 26ஆம் தேதி வைத்தோம். வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு அன்டன் வாழையிலைகளை வாரிக்கொண்டிருந்தான். அடுப்படியில் நின்று சொன்னேன். முதலில் காலையில் அப்பா கேட்டதை, பிறகு போனைப் பார்த்ததை.

அவன் இலைகளைக் கீழே வைத்தான்.

"பாத்தியா? நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு மேடைக்குப் போனியா?"

"போனேன்."

"அப்ப நான் மெரினா அக்கா வாசல்ல போய் அவ்வளவு பேசினேனே. நீ பக்கத்துலதானே நின்ன? ஏன் என் கையப் புடிக்கல?"

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. கையைக் கழுவிக்கொண்டு போனான். அன்று வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் மத்தியானம் வந்து வாசலிலேயே நின்று, "எனக்கு மட்டும் சொன்னா பத்தாது" என்றான்.

அதனால் நேற்றுப் பின்னேரமே பெரட்டுக்களத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டேன். ஹலீமா, மேளம் அடிக்கத்தான் என்று நினைத்து, வேன் ஓட்டும் சரிபுதீன் நானாவைப் பிடித்து எல்லா மேளத்தையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பத்துப் பேர் முன்னால் நின்று சொன்னேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஹலீமா, "ஒரு வருஷமா எங்களையும் சேத்துல்ல ஏமாத்தியிருக்க" என்றாள். வேலாயி அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "தூங்குற பிள்ளைய அவ மடியிலருந்து புடுங்குனேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். திரும்பி வருவார்களா தெரியாது.

இருட்டும் முன் ஹலீமா என் மேளத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "கட்டு" என்றாள். நான் மாட்டேன் என்றேன். "ஒனக்காக இல்ல. நாங்க அடிக்கணும்" என்றாள். கட்டினேன். பாஹியா சனங்களின் பெயரை நீங்கள் சொல்வதுபோல் வேலாயி அக்கா சொன்னார், பாதி தப்பாக. அடித்தோம். நாலாவது சுற்றில் சிதறிவிட்டது. உங்களைப்போல் விசில் ஊதித் தாளம் பிடித்துக்கொடுக்க ஆள் இல்லை.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடுகிறது அக்கா. அன்று நான் முகத்தைத் திருப்பாமல் நேரே வந்து கேட்டிருந்தால், நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நான் போயிருப்பேன். அப்பா என்னைப் பார்த்திருப்பார். அப்படிப் பார்த்தால் எல்லாம் என்னால்தான்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிட எனக்குத் தைரியமில்லை.

சிசிலி


நோட்டன் பிரிட்ஜ்
4 மே 2025

அன்புள்ள சிசிலி,

அன்டன் போன் செய்தான். "வாசல்ல வந்து பேசுனது தப்புக்கா. ஆனா போன் விஷயத்த என்னால மறக்க முடியாது" என்றான். "மறக்க வேணாம்பா" என்றேன். வேலாயியும் பேசினாள். அவள் அழுததில் ஒன்றும் விளங்கவில்லை. பேத்தியிடம் போனைக் கொடுத்தாள். அது இப்போது நன்றாகப் பேசுகிறது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. சில நாள் காலையில் எழுந்ததும் கோபமாகத்தான் இருக்கிறது. அதை மறைத்துவைத்து உன் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நீ கடைசியில் எழுதியிருந்தாயே, கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று. அதை அப்படியே விட்டால் எனக்குச் சௌகரியம்தான். என் பாரத்தில் பாதி உன் தலைக்கு வந்துவிடும். அதனால் ஐந்தாறு நாள் அதைப் பற்றியே யோசித்தேன். அந்தத் தார்ப்பாய் ஓரத்தில் உன்னை நிறுத்திப் பார்த்தேன். நீ வந்து, "யாருக்கா போன்ல?" என்று கேட்பதாக வைத்துப் பார்த்தேன்.

இல்லை சிசிலி. நான் சொல்லியிருக்க மாட்டேன். "ராங் நம்பர்" என்றிருப்பேன். அந்தச் சொல் என் வாயில் தயாராக இருந்தது. நீ திரும்பி நின்றதைப் பார்த்ததும், கேட்கவில்லையே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. நீ கேட்டிருந்தாலும் உன்னைப் பொய் சொல்லி மேடை ஏற்றியிருப்பேன். இது உனக்குத் தெரிய வேண்டும்.

வரும் ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். ஹட்டனில் மாறி மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். முதலில் உன் அப்பாவின் கல்லறைக்குப் போகவேண்டும். நீ கூட வந்தால் வா. பிறகு பெரட்டுக்களத்துக்கு வருகிறேன். விசில் வேறு யாராவது ஊதட்டும், நான் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி வரிசையில் ஒரு சின்ன மேளம் கொடுத்தால் அடிப்பேன். வேண்டாம் என்று யாராவது சொன்னால், நின்று கேட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.

மெரினா அக்கா